அக்காவும் கனடாக் குழாயும்

எங்கள் அக்கா ஆண்டவரில் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுத வீட்டார் என்னைப் பிடித்ததற்கு ஒரே காரணம், கல்யாண வீட்டில் மைக்கைக் கொடுத்தால் எல்லோரையும் சிரிக்கவைப்பேன் என்பதுதான். இதில் சிரிப்பு குறைவாகவே இருக்கும். நான் கோபத்தில் எழுதுகிறேன்.

அக்கா திட்டக்குடி பக்கம் மங்களூரில், மழையை நம்பிய விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்து விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டார். மகனுக்கு நான்கு வயதாகும்போது மாமா தவறிவிட்டார். பிறகு செராமிக் கம்பெனியில், காயாத பொம்மைகளை ஈரப் பஞ்சால் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. ஒரே வாளித் தண்ணீரில் நாளை ஓட்டுவார். கலங்கினால் தெளியவைத்து மறுபடி எடுத்துக்கொள்வார். தெருக்குழாய் ஒழுகுவதைப் பார்த்தால் பஸ்ஸைக்கூட விட்டுவிட்டுப் போய் மூடுகிறவர். அந்தக் கையால்தான் மகனை இன்ஜினீயர் ஆக்கினார். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டைவிட்ட என்னையும் பைப்பு, கிளாசெட் விற்கும் கடைக்கு முதலாளியாக்கினார்.

மகன் கனடாவுக்கு வேலைக்குப் போனான். அவன் மனைவியின் தலைப்பிரசவத்துக்கு அக்காவும் போனார். கடும் குளிர்காலம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனான்: ஹீட்டரை அணைக்கக் கூடாது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும், அப்போதுதான் அறைச் சூடு குழாயில் படும். குழாயை நூல் மாதிரி ஒழுகவிட வேண்டும், மூடினால் சுவருக்குள் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும்.

அக்கா மூன்றையும் செய்தார். ஒழுகும் தண்ணீருக்குக் கீழே ஒரு குண்டானையும் வைத்தார். குண்டான் நிறைந்ததும் வாளி, வாளி நிறைந்ததும் குளியல் தொட்டி. மறுநாளும் குழந்தை பிறக்கவில்லை. வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் நிறைந்துவிட்ட பிறகு, இங்கே தம்பிக்குப் போன் செய்தார்.

"மனசு கேக்கலடா. நல்ல தண்ணி, சாக்கடைக்குப் போவுது. மூடட்டுமா? உனக்குத்தான கொழாயப் பத்தித் தெரியும்."

ஐஸ் கட்டியை மீன் பெட்டியில் மட்டுமே பார்த்திருந்த அந்த நிபுணன், கடையில் டீயை உறிஞ்சிக்கொண்டே பதில் சொன்னான்: "நான் இருவது வருசமா பைப்பு விக்கிறேன்க்கா. செவுத்துக்குள்ள இருக்கிற தண்ணி எங்கியாவது உறையுமா? மூடிட்டுப் போயிப் படு."

அந்த நிபுணன் நான்தான்.

அக்கா மூடினார். விடிவதற்குள் குழாய் வெடித்து, தண்ணீர் கீழ்த்தளம் வரை இறங்கிவிட்டது. பிறந்த குழந்தையோடு திரும்பியவர்கள் நண்பர் வீட்டில் தங்கும்படி ஆனது. யாரைக் கேட்டு மூடினீங்க என்று மகன் கத்தியிருக்கிறான். பழக்கதோஷத்தில் மூடிவிட்டேன் என்று சொன்னதோடு அக்கா வாயை மூடிக்கொண்டார்.

ஊர் திரும்பியவரை நாம் என்ன பாடு படுத்தினோம்? பந்தியில் கை கழுவ எழுந்தால், "பெரியம்மா, கொழாய மூடிடாதீங்க, வெடிச்சிடப் போவுது" என்று ஒரு குரல் வரும், பந்தியே சிரிக்கும். அந்தக் குரலுக்கு உரியவர்களும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். வேப்பூர்க் கல்யாணத்தில் அதையே நடித்துக் காட்டி மைக்கில் சொன்ன வெட்கங்கெட்டவன் நான். முன்வரிசையில் உட்கார்ந்து அக்காவும் சிரித்தார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை.

இரண்டாவது பேத்தி பிறந்தபோது, அம்மாவுக்கு இந்த ஊர் ஒத்துவராது என்று மகன் சொல்லிவிட்டான். அந்தப் பிள்ளையை அக்கா போனில் பார்த்ததுதான், ஒருநாளும் தூக்கியதில்லை. மருமகனே, ஈரச் சுவர் காய்ந்துவிட்டது. உனக்கு மட்டும் ஏன் அத்தனை வருடம் காயவில்லை?

கடைசி மாதம், சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சும்மா கெட. கொழா விக்கிறவனுக்கே கொழாயப் பத்தித் தெரியலன்னா, எவன் உன் கடைக்கு வருவான்?"

அக்கா பேச்சுக்குக் கட்டுப்பட்டேன் என்று பெருமை பேசலாம். எனக்கு அது வசதியாக இருந்தது என்பதுதான் நிஜம். போன மாதம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "என்கிட்ட சொன்னது சரி. சிரிச்சவங்ககிட்ட எப்ப சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் சாமியார். இதோ, சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் முறைவைத்துத் துணையிருந்த கம்பெனித் தோழிகளுக்கும், அடக்கத் திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், வெயிலில் கல்லறை வரை நடந்து வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தக் கதையை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. இனி சொல்லும்போது, மூடச் சொன்ன மடையனின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருமகனே, உன் இரண்டு பெண்களுக்கும் முதலில் நீ சொல்.