வதனி பிரட்டாத பக்கம்

ரொறன்ரோ கல்லூரியில் எனக்குச் சோதனை என்றால் தனி அறை, கூடுதல் நேரம், போதாததற்கு வினாத்தாளைச் சத்தமாக வாசித்துக்காட்ட ஒரு வெள்ளைக்கார மனுசி. எழுத்தைப் பிடிப்பதில் என் மூளைக்குப் பிறவியிலேயே சிக்கலாம். பெயர் டிஸ்லெக்சியா. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். முள்ளியவளையில் நான் பெரிய கெட்டிக்காரி. கண்ணால் பார்த்தால் ஏறாது, காதால் கேட்டால் ஏறும். அதனால் எங்கள் வீட்டு ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்திப் படித்தேன். அம்மாவுக்கு ஒரே பெருமை.

என்னைவிட ஒரு வகுப்புக் குறைந்த தங்கச்சி வதனி பக்கத்தில் சும்மா இருப்பாள். இந்த வருடம் நான் கத்தும் பாடம் அடுத்த வருடம் அவளுக்கு வரும். அதற்குள் முழுதும் மனப்பாடமாகிவிடும். எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புகளுக்கு இடையே சுவர் கிடையாது. ஒருநாள் ரீச்சர் அவளை வாசிக்கச் சொன்னா. குளங்கள் பற்றிய பாடம். தடக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்து வகுப்பில் என் வாங்கில் இருந்து பார்த்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ரீச்சர், அவள் வாசிக்கேல்லை. பக்கமே பிரட்டேல்லை, பாருங்கோ."

ரீச்சர் வேறொரு பக்கத்தைக் காட்டினா. வதனி வாயே திறக்கவில்லை. மண்டபம் முழுக்கச் சிரிப்பு, என்னுடையதும் சேர்த்து. அவளைக் கீழ்வகுப்புப் பிள்ளைகளோடு இருத்தினார்கள். ஒரு மாதத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். படிக்கப் பஞ்சி, சோம்பேறி என்றார் அப்பா. அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏனக்கா சொன்னனி?"

இங்கே என்னைச் சோதித்த ஆலோசகர், இது பரம்பரையாகவும் வரும், வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டார். தங்கச்சிக்கு இருந்திருக்கும் என்றேன். அவளுக்கு யார் உதவினது என்று அடுத்துக் கேட்டார். நான்தான் வாசித்துக் காட்டுவேன் என்றேன். இப்படி ஓர் அக்கா கிடைக்க அவள் கொடுத்துவைத்தவள் என்று சிரித்தபடி எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

அன்று அறைக்கு வந்து, அவள் விட்ட வகுப்புப் பாடங்களைக் கசற்றில் வாசித்துப் பதிந்தேன். மன்னிப்பும் கேட்டேன். ஊருக்குப் போன ஒருவர் கையில் கொடுத்துவிட்டேன். மூன்று மாதத்தில் பதில் கசற் வந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு கதையும் இல்லை. அதே குளங்கள் பாடம், தடக்காமல். நடுவில் தாள் சரசரக்கும் சத்தம்.

"இந்தமுறை பக்கம் பிரட்டினனான் அக்கா. கேட்டதோ?"

வோக்மனின் ஒரு பக்கம் பழுது. சுரங்க ரயிலில் இடது காதில் வதனி குளங்களின் பெயர் சொல்கிறாள். வலது காதில் யாரோ ஸ்ரேசன்களின் பெயர் சொல்கிறார்கள். நான் இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது.