கவிழ்த்துப் பதித்த செங்கல்

ஒரு பழைய கட்டடம் இடிபடாமல் தப்பியது என்றதும் மகிழ்ந்து போகிறீர்களே, அங்கே தப்பாமல் போனது எது என்று என்றைக்காவது விசாரித்திருக்கிறீர்களா?

நீலக்காவை யாரும் விசாரிக்கவில்லை. கன்னியர் மடத்துச் சலவைக்கூடத்தில் வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டுப் போட்டு நகமெல்லாம் நீலம் பாரித்ததால் வந்த பெயர் அது. "விஷம் குடிச்சவ கை மாதிரி இருக்கு, போலீஸ் கண்ணுல காட்டிடாதே" என்று சமையற்காரி கிண்டல் செய்வாள். தாய் தகப்பன் போன பிறகு, தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மடத்தின் அனாதை விடுதிக்கு வந்தவள் நீலக்கா.

விடுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். சட்டைக் கழுத்தில் சிவப்பு நூலால் தைத்திருக்கும். துணி மாறிப் போகாமலிருக்க வந்த எண், போகப் போக ஆளையே கூப்பிடும் எண்ணாகிவிட்டது. தங்கச்சிக்குப் பதினேழு. காய்ச்சலில் அவள் செத்தபோது அந்த எண்ணையே ஒரு செங்கல்லில் செதுக்கி, மேலே தெரியும்படி மண்ணில் பதித்தார்கள். சிஸ்டர்மாருக்குத் தனிக் கல்லறைத் தோட்டம், பளிங்குச் சிலுவை, முழுப்பெயர். அனாதைகளுக்கு வேலிக்கு வெளியே, சலவைக்கூடத்தின் பின்னால், துணி காயப்போடும் கொடிக்கு அடியில் இடம். ஆண்டவன் முன்னால் எல்லாரும் சமம் என்று தினமும் பாடிய வாய்கள்தான் அந்த வேலியையும் போடச் சொன்னவை.

ஈரத்துணியை உதறும்போதெல்லாம் நீலக்கா தங்கச்சியோடு பேசுவாள். எந்த சிஸ்டருக்கு யார்மேல் கோபம், சமையற்காரி எதைத் தீய்த்தாள், எல்லாம். தங்கச்சி கேட்கிறாள் என்றெல்லாம் அவள் நம்பவில்லை. பேச வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மடத்தில் வயசான சிஸ்டர்மார் சிலரே மிஞ்சினார்கள். கூரை ஒழுகியது. சபைத் தலைமை நிலத்தை ஒரு கட்டுமான நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கோயிலும் வளைவுத் தாழ்வாரமும் கல்லறைத் தோட்டமும் அப்படியே இருக்கும். மிச்ச இடத்தில் அடுக்குமாடி வீடுகள். சலவைக்கூடம் காபிக் கடை. நீலக்கா மடத்துத் தலைவியான மதரிடம் போய்க் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கொடிக்கு அடியில் கைவைக்கக் கூடாது.

"பழசு எதையும் அழிக்க மாட்டாங்க நீலம். எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வைப்பாங்க" என்றார் மதர்.

சொன்னபடியே எடுத்து வைத்தார்கள். அதுதான் வினை.

துவைக்கத் துணி இல்லாமல் போனதால் அவளுக்குப் பழைய ஓடுகளையும் செங்கற்களையும் தேய்த்துக் கழுவும் வேலை தந்தார்கள். ஒரு காலையில் மண் அப்பிய குவியல் ஒன்று வந்தது. தேய்த்தாள். மண் கரைந்து எண் தெரிந்தது. அடுத்ததிலும் எண். அதற்குமேல் தேய்க்காமல் ஈரக்கையோடு பின்பக்கம் ஓடினாள். கொடி இல்லை. கார் நிறுத்துவதற்கான பெரும்பள்ளம்தான் இருந்தது. மண் எங்கே என்று இயந்திரம் ஓட்டுபவரைக் கேட்டாள். லாரியில் போய்விட்டது, எந்தக் குழியை நிரப்பியதோ தெரியாது என்றார். விஷயம் புரிந்ததும் அந்த மனிதருக்கு முகம் செத்துவிட்டது.

பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க நிறுவனம் அமர்த்திய ஆர்க்கிடெக்ட் பெண் கெட்டவளல்ல. சூளைக்காரர் போட்ட எண் என்று நினைத்து, ஆசை ஆசையாக அந்தக் கற்களை ஒன்றுவிடாமல் எடுத்து, கழுவக் கழுவக் கோயில் முற்றத்தில் பதிக்கச் சொன்னவள் அவள். நீலக்கா சொல்லக் கேட்டதும் அவளையும் கூட்டிக்கொண்டு மதர் அறைக்குப் போனாள். பிள்ளைகளின் பெயர் போட்டு ஒரு பலகையாவது வைக்கலாம் என்று மன்றாடினாள்.

"பேரெல்லாம் இப்ப யாருக்குத் தெரியும்?" என்றார் மதர்.

"எனக்குத் தெரியும் மதர். கூப்பிடாம இருந்தது நீங்கதான்" என்றாள் நீலக்கா.

மதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிறுவனத்து மேனேஜர் பணிவாகவே பேசினார். பளிங்குச் சிலுவை பார்வைக்கு அழகு. கார் நிறுத்துமிடத்தில் பிள்ளைகளைப் புதைத்திருந்தது என்றால் எவன் வீடு வாங்குவான்? பலகைப் பேச்சு அதோடு முடிந்தது. அப்படியானால் பதினேழாம் கல்லையாவது தாருங்கள் என்று நீலக்கா கேட்டாள். அது பாதுகாக்கப்பட்ட பாரம்பரியப் பொருளாம், வளாகத்தைவிட்டு வெளியே போகக் கூடாதாம்.

அவளுக்கு ஊர்க்கோடியில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்தாள். தங்கச்சியின் கல்லைப் பார்த்துவிட்டாவது போகலாம் என்ற நினைப்பு. முற்றத்தில் செங்கற்கள் பளபளவென்று இருந்தன. எதிலும் எண் இல்லை. கேள்வி கிளம்பும் என்று எல்லாவற்றையும் பெயர்த்துக் கவிழ்த்துப் பதித்துவிட்டார்கள். எந்தக் கல்லின் பக்கம் நிற்பது என்று தெரியாமல், எதையும் மிதிக்கவும் முடியாமல், வாசலிலேயே நின்றாள்.

"படம் எடுக்கிறாங்க, ஓரமா நில்லும்மா" என்றார் காவலாளி.

அவள் ஓரமாகவே நின்றாள். வேறென்ன செய்திருக்கிறாள் வாழ்நாள் முழுவதும்?

அந்த மாதிரி முற்றம் எதற்காவது நீங்கள் போனால், வளைவுகளைப் பார்த்து வியப்பதற்கு முன்னால் தயவுசெய்து குனியுங்கள். ஒரு செங்கல்லையாவது பெயர்த்துப் புரட்டிப் பாருங்கள். காவலாளி தடுத்தால், அவர் காதிலும் மற்றவர் காதிலும் விழும்படி உரக்கக் கேளுங்கள்: இந்தக் கல்லுக்கு அடியில் இருந்த பிள்ளை எங்கே?