கரி குடித்த கோப்பைகள்

அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன் திஹோமிர் வாளியை இடது கைக்கு மாற்றிக்கொள்வார். வலது கை காலியாக இருக்க வேண்டும். கதவு திறந்ததும் அதில் ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பை வந்து உட்காரும். புகைபோக்கியில் கரி சுரண்ட வருகிறவருக்கு வீட்டில் வடித்த பிளம் சாராயத்தை ஊற்றாமல் அடுப்பைக் காட்டுகிற வீடு பியெலோவார் ஊர்ப் பக்கத்தில் கிடையாது. "உள்ள வா திஹோ, முதல்ல தொண்டையை நனை!" வீட்டுக்காரர் தரையில் விரிக்கப் பழைய செய்தித்தாள் எடுக்கத் திரும்பும் அந்த ஒரு நொடியில் கோப்பை வாளிக்குள் கவிழும். கரி சத்தமில்லாமல் குடித்துவிடும். அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "அடேங்கப்பா, போன வருஷத்தைவிடக் காரம்" என்பார்.

எட்டு மாதமாக இப்படித்தான். நாளைக்குப் பத்து வீடு, பத்துக் கோப்பை. அதற்கு முன் பத்தும் தொண்டைக்குள்தான் போயின.

ஐம்பத்திரண்டு வயது. காது மடிப்பில் எப்போதும் கொஞ்சம் கரி இருக்கும். புகைபோக்கிக்காரரைத் தெருவில் பார்ப்பது நல்ல சகுனம். பார்த்தவர்கள் உடனே சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொள்வார்கள். "ஊருக்கெல்லாம் அதிர்ஷ்டம். கட்டிக்கிட்டவளுக்கு மட்டும் சலவைதான் மிச்சம்" என்பார் மனைவி துன்யா. அவர் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவர். எதையும் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார்.

பிப்ரவரியில் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தபோது மருத்துவர் ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தார். குடியை விட்டவர்களின் கிளப், தீயணைப்பு நிலைய மாடி, வியாழன் மாலை ஆறு மணி. ஊரில் பாதிக் கூரைகளில் ஏறியவருக்கு அந்த மாடிப்படி மட்டும் அகப்படவில்லை. மூன்று வாரம் போய்ப் போய்த் திரும்பினார். ஒரு வாரம் "பூட்டியிருக்கு." அடுத்த வாரம் "இடத்தை மாத்திட்டாங்க போல." நான்காவது வியாழன் துன்யாவே கையைப் பிடித்து இழுத்துப்போனார். கதவு அகலத் திறந்திருந்தது; காப்பி மணம் படிவரை வந்தது.

கிளப் தலைவர் வின்கோ, ஓய்வுபெற்ற தபால்காரர். இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஜோடியா வந்தீங்க, நல்லதாப் போச்சு. இங்க தனியாளுக்கு நாற்காலி கிடையாது. வீட்டு ஆளும் வரணும். இவர் சொல்றதுக்கு அவங்க ஆமான்னு சொல்லணும்."

அன்று முதல் துன்யா வாராவாரம் "ஆமா" சொல்லிவந்தார். இந்த வியாழன் வரை.

முந்தைய நாள் அவசரத்தில் கவிழ்த்த கோப்பை வாளிக்குள் பாதி, தொடையில் பாதியாகச் சிந்தியிருந்தது. காலையில் துவைக்க எடுத்த கால்சட்டையைத் துன்யா மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மடித்து மேசைமேல் வைத்தார்.

"துன்யா, அது வந்து..."

"இப்ப ஒண்ணும் சொல்லாதே. சாயங்காலம் கிளப்புல பேசிக்கிறேன். அப்புறம் ஸிசாக்ல என் தங்கச்சி வீடு இருக்கு."

இன்னொரு முறை குடித்தால் அங்கே போய்விடுவதாக பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிறவர்.

அன்றைக்குத் திஹோமிர் ஆறு வீடுதான் பார்த்தார். ஒரு வீட்டில் புகைபோக்கியின் அடியில் கரி அள்ளுகிற சின்னக் கதவைச் சாத்த மறந்து, பாதி வழியிலிருந்து திரும்பி ஓடினார். இன்னொரு வீட்டில் கோப்பை கையில் இருந்தபோது, எப்படியும் நம்பப் போவதில்லை, கவிழ்த்தால் என்ன, குடித்தால் என்ன என்று தோன்றியது. தோன்றிய வேகம் அவரைப் பயமுறுத்தியது. அவசரமாகக் கவிழ்த்ததில் சாராயத்தோடு கோப்பையும் வாளிக்குள் போய்விட்டது.

ஆறு மணி. வட்டமாகப் பதினான்கு நாற்காலிகள். அவர் முறை வந்தது.

"திஹோமிர். எட்டு மாசம் நாலு நாள். குடிக்கல."

வின்கோ பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினார். "துன்யா?"

"தெரியல" என்றார் துன்யா.

அதன் பிறகு திஹோமிர் எல்லாவற்றையும் கொட்டினார். வாளி, கோப்பை, தொடையில் சிந்தியது. "மாத்திரை சாப்பிடறேன்னுகூடச் சொல்லிப் பாத்தேன். அப்ப மருந்துக்கு நல்லதுன்னு ரெண்டா ஊத்தறாங்க!" எதிரே ஒருவர் சிரித்தார், அவர் மனைவி முழங்கையால் இடித்தார்.

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றார் வின்கோ.

"சொன்னா ஏன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டுமே."

துன்யா கைப்பையைப் பார்த்தபடியே பேசினார். "நீ குடிச்சியா இல்லையா, எனக்குத் தெரியாது. தினம் பத்து வீட்டுல நடிச்சிருக்கே. பதினொண்ணாவதா நம்ம வீட்டுலயும் நடிக்கலன்னு நான் எப்படி நம்பறது?" கைப்பையை மூடினார். "நாளைக்கு முதல் வீடு யாரு?"

"யேலா அம்மா."

"போன் போடு. சத்தமா வை. எல்லாரும் கேக்கட்டும்."

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். "யாரு, திஹோவா? நாளைக்கு வரலையாப்பா? புதுசா வடிச்சிருக்கோம், உனக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

திஹோமிர் தொப்பியைக் கழற்றினார். எழுந்து நின்றார்.

"வர்றேன்மா. எனக்கு ஊத்தாதீங்க."

"இன்னுமா மாத்திரை?"

"மாத்திரை இல்லம்மா." தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டார். "எனக்குக் குடி நோய். ஒரு சொட்டுப் பட்டாலும் பழையபடி ஆயிருவேன்."

மறுமுனையில் யாரோ பாத்திரத்தை நகர்த்துகிற ஓசை மட்டும் கேட்டது. திஹோமிர் நின்றுகொண்டே இருந்தார். துன்யா தொலைபேசியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. கையை நீட்டி, அவருடைய மேல்சட்டையின் பின்நுனியை விரல்களில் சுருட்டி, இறுகப் பிடித்துக்கொண்டார்.