மூச்சு சார் எடுத்த நாலாவது படம்

என் தங்கையின் கணவர்மேல் ஆஸ்பத்திரிப் புகார்ப் புத்தகத்தில் முக்கால் பக்கம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டவள் நான். இன்று நான் உயிரோடு இருப்பதற்குக் காரணமும் அவர்தான். இரண்டும் ஒரே நாளில் நடந்தவை. அதனால்தான் இதை ஒழுங்காக உட்கார்ந்து எழுதியாக வேண்டியிருக்கிறது.

அவர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவர். அங்கே அவருக்கு 'மூச்சு சார்' என்று பெயர். நாள் முழுக்க மைக்கில் "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி வந்த பெயர். கடைத்தெருவில் அவரோடு நடந்தால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி, "என்ன மூச்சு சார், சௌக்கியமா?" என்பார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அல்லவா!

என் தங்கையைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பேசியது மொத்தம் நாலு வாக்கியம். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியதும் நான் தங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தக் கல்லுளிமங்கனோட எப்படிடி காலம் தள்ளுவே?"

"பேசறதுக்குத்தான் நீ இருக்கியேக்கா" என்றாள் அவள்.

அவள் சொன்னதும் வாஸ்தவம்தான். நான் பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கும், ஏன் இன்னும் வரவில்லை என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எந்தக் குரல் கேட்டாலும் இந்தப் பக்கம் பதில் வந்துவிடும். தூக்கத்தில் கேட்டால்கூட வரும்.

அவர் வேலைக்குச் சேர்ந்தது எக்ஸ்ரே பிலிமை இருட்டறையில் கழுவி, துணி காயப்போடுவதுபோல் கிளிப்பில் மாட்டிய காலத்தில். அந்த மருந்துக் கறை நகத்தை விட்டுப் போகவே பல வருஷம் ஆயிற்று. சேர்ந்த புதிதில் ஒருவருடைய நெஞ்சுப் படம் எடுக்கும்போது அந்த ஆள் இருமிவிட்டார். படம் மங்கல். வெளியே பெரிய கூட்டம். "பரவாயில்ல, அனுப்பு" என்று மேலதிகாரி சொல்ல, இவரும் அனுப்பிவிட்டார். ஏழு மாதம் கழித்து அதே ஆள் திரும்பி வந்தார். இந்த முறை படம் தெளிவாகத்தான் இருந்தது, நோய் முற்றிப்போன அந்த நெஞ்சைப் பார்க்கத்தான் முடியவில்லை. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. தங்கை சொன்னாள்.

அதிலிருந்து அவருக்கு ஒரு உடும்புப்பிடி. படம் அவர் கண்ணுக்குத் தெளிவாக வரும்வரை ஆளை மேசையிலிருந்து இறக்கமாட்டார். எம்.ஆர்.ஐ. அறைக்கு மாற்றிய பிறகு இது இன்னும் முற்றிவிட்டது. உள்ளே போகுமுன் ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்காரவைத்து, வயிற்றில் அவரவர் கையையே வைக்கச் சொல்லி, மூச்சைப் பிடிக்கப் பழக்குவார். மற்றவர்கள் ஒரு நாளில் பதினோரு பேருக்கு எடுத்தால் இவர் எட்டுப் பேரைத் தாண்டமாட்டார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் சீண்டினேன்.

"ஏன் மாப்பிள்ளை, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா டாக்டருக்குப் புரியாதா?"

"புரியாதுக்கா. யூகம்தான் பண்ணுவாங்க. யூகம் பண்றதுக்கு இவ்ளோ பெரிய மிஷின் எதுக்கு?"

அந்த வருஷத்திலேயே அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

எனக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது போன வருஷம். சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டாலும் வலி. வாயு என்று நானே முடிவுகட்டி நாலு மாதம் ஓட்டினேன். கடைசியில் தங்கை இழுத்துக்கொண்டு போனாள். அல்ட்ராசவுண்டில் பித்தப்பையில் கற்கள் தெரிந்தன. கல் ஏதாவது நழுவிப் பித்தக் குழாயில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தி வைக்கமுடியும், எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்றார் ஆபரேஷன் டாக்டர்.

ஆக, நானும் மூச்சு சாரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, வயித்துல கை வைங்க. ரெண்டு தடவை பழகிட்டு உள்ள போகலாம்."

"எனக்கு மூச்சு விடத் தெரியாதா மாப்பிள்ளை? ஐம்பது வருஷமா விட்டுட்டுத்தானே இருக்கேன்! சீக்கிரம் முடிங்க, ரெண்டு மணிக்கு எனக்கு டியூட்டி."

அவர் இன்னொரு முறை கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த மிஷின் குழாய்க்குள் படுத்தவர்களுக்குத் தெரியும். மூக்குக்கு மேல் ஒரு சாண் இடம். காதில் ஹெட்போன். அதையும் மீறிக் கதவை இடிப்பதுபோல் ஒரு சத்தம். நடுவில் சத்தம் நின்றது. ஹெட்போனில் அவர் குரல்.

"மூச்சை இழுங்க… பிடிங்க."

"பிடிச்சாச்சு!" என்றேன்.

ஒரு நிமிஷம் கழித்து மறுபடி அதே குரல். "அக்கா, பதில் சொல்லாதீங்க. பேசினா மூச்சு வெளிய வந்துடும், படம் கலைஞ்சுடும். இழுங்க… பிடிங்க."

"சரிங்க" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னதே தெரிந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம். குரல் வந்தால் பதில் போய்விடுகிறது.

மூன்றாவது தடவை வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பாதியில் மூச்சு முட்டி விட்டுவிட்டேன். அவர் மேசையை வெளியே இழுத்து, என் பக்கத்தில் வந்து நின்றார். என் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தார். "மெதுவா. இப்படி. பதினெட்டு விநாடிதான்" என்று, நான் வேண்டாம் என்று தள்ளிய அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார். அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவரோடு வேலை செய்யும் பையன் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தான்.

"சார், பித்தக் குழாய் நல்லா வந்திருக்கே, கேட்டது அதுதானே? வெளிய ஆறு பேர் நிக்கறாங்க. கீழ்ப்பக்கம் கொஞ்சம் கலங்கினா என்ன?"

"நிக்கட்டும்" என்றார்.

நாலாவது தடவை நான் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஒழுக்கம் இல்லை, கோபம். இந்த மனுஷனோடு இனி பேச்சே கிடையாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மூச்சு தானாக நின்றது.

வெளியே வரும்போது மணி இரண்டேகால். ஐம்பது நிமிஷம். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் எல்லாரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னார். "பார்த்து இறங்குங்க." குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. நேராக வரவேற்பு மேசைக்குப் போய்ப் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். சொந்தம் எல்லாம் வீட்டோடு என்று ஒரு வீறாப்பு வேறு. ஒரே படத்தை நாலு முறை எடுத்து என்னை அடைத்துவைத்தார், வெளியே நோயாளிகள் காத்துக்கிடக்கிறார்கள் என்றெல்லாம் எழுதி, கடைசியில் 'வேலை தெரியாதவர்' என்று முடித்தேன். அந்த வார்த்தை கிடைத்தபோது எனக்கு உச்சி குளிர்ந்தது என்பதையும் மறைக்கப்போவதில்லை.

மறுநாளே டாக்டர் கூப்பிட்டார். பித்தக் குழாயில் கல் இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "உக்காருங்கம்மா" என்றார்.

கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். முதல் மூன்று தடவை எடுத்த படங்களில் கீழ்ப்பக்கம் ஈரக்கையால் மையைத் தேய்த்ததுபோல் இருந்தது. நாலாவதில் எல்லாம் துல்லியம். இடது கிட்னியின் கீழ்நுனியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு உருண்டை, யாரோ ஒட்டிவைத்ததுபோல்.

வலது விலாவைத் தொட்டுக் காட்டினேன். "எனக்கு வலி இந்தப் பக்கம்ல டாக்டர்?"

"வலி கல்லால வந்தது. இது வலிக்கவே இல்ல. வலிக்கற அளவுக்கு வளர்ந்திருந்தா நாம வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம்."

"அல்ட்ராசவுண்டுல தெரியலையே?"

"சின்னது. குடல்ல இருக்கற காத்து மறைச்சுடும். இதுலயும் அந்த மூணு படத்தோட விட்டிருந்தா நான் கல்லை எடுத்துட்டு உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்து, அது கட்டிதான் என்று உறுதி செய்தார்கள். எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம், எந்த ரத்தக் குழாய் பக்கத்தில் ஓடுகிறது என்று முன்கூட்டியே தெரிந்ததால் கட்டியையும் சுற்றிக் கொஞ்சத்தையும் மட்டும் வெட்டி எடுத்தார்கள். மிச்சக் கிட்னி என்னிடமே இருக்கிறது. பித்தப்பையும் போயிற்று. சோதனைக்கு அனுப்பியதில் புற்றுநோய் என்று வந்தது. ஆனால் ஓரங்கள் சுத்தம், வேறெங்கும் பரவவில்லை, வேறு மருந்தும் தேவையில்லை என்றார்கள். அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்துவிட்டுத் தங்கையின் தோளில் சாய்ந்து அழுதேன்.

அவள்தான் அப்போது சொன்னாள். ஸ்கேன் எடுத்த அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து தட்டின்முன் உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்துவிட்டாராம். என்னவென்று கேட்டதற்குப் பசியில்லை என்றாராம். படம் திரையில் வந்த அந்த நிமிஷமே அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டர் சொல்லுமுன் தான் வாயைத் திறக்கக்கூடாது என்பது அவர் வேலையின் சட்டம். வாய் திறக்காமல், படம் படிக்கும் டாக்டரம்மாவின் அறைவாசலில் போய் நின்று, அன்றைக்கே பார்க்கவைத்திருக்கிறார். அதனால்தான் எனக்கு மறுநாளே அழைப்பு வந்தது.

அப்போதுதான் புகார்ப் புத்தகம் ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. தையல் ஆறி நடக்க ஆரம்பித்ததும் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போனேன். நிர்வாகியம்மா என் புகாரைத் தேடி எடுத்தார்.

"இது அப்பவே முடிஞ்சுபோச்சே. அவர்கிட்ட விளக்கம் வாங்கி, ஒரு எச்சரிக்கைக் கடிதமும் குடுத்தாச்சு."

"என்ன விளக்கம்? நான் பார்க்கலாமா?"

என் பக்கத்துக்குப் பின்னால் ஒரே ஒரு தாள். தேதி அதே நாள், அதே சாயங்காலம். அவருடைய சிறிய, நேரான எழுத்து. "புகார் சரியானது. மூச்சைப் பிடிக்க நோயாளிக்கு நான் முறையாகச் சொல்லித்தரவில்லை. தவறு என்னுடையது." அவ்வளவுதான். சொல்லித்தந்தேன், அவர்தான் கேட்கவில்லை என்று எழுதியிருக்கலாம். அந்தப் படத்தில் ஒரு கட்டி தெரிகிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தாலே எச்சரிக்கை வந்திருக்காது. எனக்கே தெரியாத என் நோய் ஒரு புகார்த் தாளில் ஏறக்கூடாது என்று அதையும் எழுதவில்லை. புகாருக்குக் கீழே என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

அந்த மேசையிலேயே பேனா வாங்கி, நான் எழுதியது பொய், அவர் எழுதியதும் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எச்சரிக்கையை ரத்து செய்யாவிட்டால் தினமும் வந்து இந்த நாற்காலியிலேயே உட்காருவேன் என்றேன். என் வாயைப் பற்றித் தெரியாதவர், ஆனாலும் புரிந்துகொண்டார். அடுத்த வாரமே ரத்து செய்துவிட்டார்கள்.

அன்று அங்கிருந்து நேராக எம்.ஆர்.ஐ. அறைக்குப் போனேன். மாப்பிள்ளை ஒரு பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, பெரியவரின் கையை அவர் வயிற்றிலேயே வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தார். முடியும்வரை நின்றேன். வெளியே வந்த மாப்பிள்ளை என்னைப் பார்த்துப் பதறினார்.

"என்னக்கா, வலிக்குதா?"

"இல்ல. அந்தத் தாளைப் படிச்சேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் பேச்சு வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறை. நன்றி என்று சொல்லத்தான் போனேன், வாயில் வேறு வந்தது.

"மாப்பிள்ளை, அன்னைக்கு நாலாவது தடவையும் நான் பேசியிருந்தா?"

"அஞ்சாவது எடுத்திருப்பேன்க்கா" என்றார்.