டாக்டர் வீட்டுத் தோல் நாற்காலி

அத்தான் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் தோல் நாற்காலியின் இருக்கையில், வலப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளுத்த திட்டு உண்டு. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, “எங்க கொழுந்தியா கொட்டின மை” என்பார் அத்தான். நான் ஆசிரியை வேலை பார்த்து ஓய்வும் பெற்றாயிற்று. அந்தக் குற்றத்திலிருந்து மட்டும் விடுதலை இல்லை.

ஐம்பதுகளில் அது தென்காசியில் எங்கள் பக்கத்து வீட்டு டாக்டருடையது. தெருவில் எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் மாப்பிள்ளை உட்கார அதைத்தான் இரவல் வாங்குவோம். அக்காவைப் பார்க்க அச்சன்புதூரிலிருந்து அத்தான் வந்தபோதும் அப்படியே. அவருடைய அம்மா சகுனத்துக்குப் பெயர்போனவர். வேறொரு வீட்டில் பல்லி சொல்லிற்று என்று காபியைத் தொடாமல் எழுந்து வந்தவர். அக்காவுக்கோ ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. எங்கள் வீட்டில் தும்மக்கூட பயந்தார்கள். அக்கா காபி கொடுத்தாள். குனிந்த தலை நிமிரவே இல்லை. “இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமான பொண்ணா!” என்று அந்த அம்மாள் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். சீசன் நேரம், குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகலாம் என்று அவர்கள் கிளம்பினார்கள்.

அவர்கள் போன பிறகுதான் நாற்காலியைப் பார்த்தோம். மாப்பிள்ளையின் ஜிப்பாப் பையிலிருந்த பேனா ஒழுகி, இருக்கையில் நீலமாக ஊறிக் கிடந்தது. அம்மா பஞ்சில் பாலைத் தொட்டு ஒற்றினாள். நீலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சில் ஏறியது. அதோடு பொறுமையாக இருந்திருக்கலாம். டாக்டர் நாற்காலியைக் கேட்டு ஆள் அனுப்பிவிடுவாரே என்ற பதற்றத்தில், வேட்டிக்கறைக்குச் செய்வதுபோல எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டுத் தேய்த்துவிட்டாள். மையும் போயிற்று, தோலின் நிறமும் போயிற்று.

“மாப்பிள்ளை பேனான்னு வெளிய தெரிஞ்சா, சகுனம் சரியில்லன்னு அந்தம்மா சம்பந்தத்தையே முறிச்சிரும். சின்னவ கொட்டினதாவே இருக்கட்டும்” என்றார் அப்பா. டாக்டரிடமும் அப்படியே சொன்னார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். பிறகு டாக்டர் வீட்டுக்கு எப்போது போனாலும், “பேனாவ வெளிய வச்சிட்டு வாம்மா” என்பார். அவர் ஊரைவிட்டுப் போனபோது, தான் பெண் பார்க்க உட்கார்ந்த நாற்காலி என்று அத்தான் அதை விலைக்கு வாங்கிக்கொண்டார்.

போன மாதம் பேரனிடமும் அதே கதையை அவர் ஆரம்பிக்க, எனக்குப் பொறுக்கவில்லை. “அத்தான், ஒழுகினது உங்க பேனா” என்றேன்.

“தெரியும்ட்டி,” என்றார் சாவகாசமாக. “என் வேட்டியில ஒட்டினது எனக்குத் தெரியாதா? துண்டப் போட்டு மறைச்சுக்கிட்டுல்லா எந்திரிச்சேன். அருவியில நான் ஏன் வேட்டியோட முதல்ல போய் நின்னேன்னு நெனைக்க? எங்கம்ம கண்ணுல பட்டிருந்தா உங்கக்காவ எனக்குக் கட்டி வச்சிருக்க மாட்டா.”

“அப்ப என் தலையில எதுக்குப் போட்டீங்க?”

“மாமனார் சொன்ன பேச்ச மருமகன் மாத்தலாமாட்டி?”

அடுக்களையிலிருந்து காபியோடு வந்த அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“நான் அன்னைக்கே பாத்துட்டேன். வேட்டியில நீலம் பரவிக்கிட்டே வருது. அதத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். தலைய எங்க நிமித்த?”

அத்தானின் கை வழக்கம்போல அந்த வெளுத்த திட்டின்மேல் கிடந்தது. அக்கா குனிந்து அவருக்குக் காபியைக் கொடுத்தாள்.