அத்தானின் பிரஷர்

விற்பனைக்கு வரப்போகும் பி.பி. மெஷின்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பரிசோதிக்கும் கூடத்தில் அவள் நர்ஸ். இருவர் ஒரே நேரத்தில் கேட்கும்படியான இரட்டை ஸ்டெதாஸ்கோப்பை ஓர் ஆளின் கையில் வைத்து அவளும் இன்னொரு நர்ஸும் சேர்ந்து கேட்பார்கள். ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு அதே கையில் மெஷின் ஓடும். இவர்கள் கணக்கோடு அது ஒட்டி வராவிட்டால் கம்பெனிக்காரர் முகம் தொங்கிப்போகும். கூடத்தில் அவளுக்குப் பெயரே 'பாம்புக் காது'.

அக்கா புருஷனிடம் மட்டும் அந்தக் காதுக்கு மரியாதை கிடையாது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அத்தான் ஒரு மெஷின் வாங்கினார். அன்றே நோயாளியாகப் பதவி ஏற்றுக்கொண்டார். தொடை போன்ற கையில் மெஷினோடு வந்த சின்னப் பட்டையை இழுத்துப் பிடித்துச் சுற்றுவார். எண் எகிறும். உடனே டி.வி. அணைய வேண்டும், யாரும் இருமக்கூடாது. உப்பில்லாச் சமையல் தனியாக நடக்கும். காய்கறிப் பை, தண்ணீர்க் குடம், துணி மூட்டை எல்லாம் அக்கா தலையில்.

"அத்தான், உங்க கைக்குப் பெரிய பட்டை வேணும். சின்னதைக் கட்டினா பிரஷர் ஜாஸ்தியாத்தான் காட்டும்."

"மெஷின் செஞ்சவன் முட்டாள், நீ மேதாவியா?"

கடைசியில் அக்காதான் பொறுக்க மாட்டாமல், "ஒரு தடவை உங்க கூடத்துல வச்சுப் பார்த்துடேன்டி" என்றாள். மூவரும் போனார்கள். அத்தான் மெஷினைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி வந்தார்.

அவரைச் சற்று நேரம் பேசாமல் உட்கார வைத்து, கைக்குப் பொருந்தும் பட்டையைக் கட்டினாள். இரண்டு நர்ஸும் கேட்டார்கள். அதே பட்டையோடு அவர் மெஷினும் ஓடியது. எல்லாம் ஒன்றுபோல் வந்தன.

"நல்லா இருக்கீங்க அத்தான்."

சீட்டுக் கிழிந்தவர் மாதிரி விழித்தார். "இன்னொரு தடவை பாரு." பார்த்தாள். அதேதான்.

"உன் காதுல ஏதோ அடைப்பு. அந்தப் பழைய பட்டையை இவ கையில போடு. இவளுக்கு ஒரு வியாதியும் கிடையாது. சரியா காட்டுதான்னு பார்ப்போம்."

அக்காவின் மெலிந்த கைக்கு அந்தப் பட்டை கச்சிதமாக இருந்தது. இரண்டு நர்ஸும் கேட்டு முடித்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெஷினும் அதையே காட்டியது. இளைப்பாற விட்டு மறுபடி பார்த்தும் இறங்கவில்லை. பிரஷர் எக்கச்சக்கம்.

"காலைல தலை கனமாத்தான் இருக்கும். வேலை அலுப்புன்னு விட்டுட்டேன்" என்றாள் அக்கா.

அத்தான் முகம் மலர்ந்தது. "பார்த்தியா! என் மெஷின் பொய் சொல்லாது!"

தங்கை பட்டையைக் கழற்றி அவர் மடியில் போட்டாள். "சொல்லாதுதான். இத்தனை நாள்ல ஒரு தடவை அதை அக்கா கையில கட்டிப் பார்க்கணும்னு உங்களுக்குத் தோணிச்சா?"

அவர் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நேராக டாக்டரிடம் போனார்கள். மாத்திரை போடத் தொடங்கியதும் மெல்ல மெல்ல பிரஷர் கட்டுக்குள் வந்தது. அத்தான் சும்மா இருப்பாரா? பெண்டாட்டியின் வியாதியைத் தானே கண்டுபிடித்ததாகப் பார்த்தவர்களிடமெல்லாம் அளந்தார்.

ஒரு நாள் உறவுக்காரர் ஒருவரிடம் அவர் அப்படி அளந்துகொண்டிருந்தபோது அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"ஆமாங்க, இவரேதான் கண்டுபிடிச்சார். நான் பளு தூக்கக் கூடாதுன்னு துணியும் இப்ப இவரேதான் துவைக்கிறார்."

உறவுக்காரர் வியந்துபோய்ப் பார்த்தார். அத்தானால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.