பின் என் சட்டைப் பையில் இருந்தது

நம்புகிறவன் நம்பட்டும். நம்பாதவனிடம் எனக்குப் பேச்சில்லை. நடந்தது நடந்ததுதான்.

நாற்பது வருஷமாகத் துப்பாக்கி ரிப்பேர் செய்கிறேன். என் மருமகன் அவருடைய அப்பா காலத்து ரிவால்வரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"பின் தேஞ்சுபோச்சு மாமா. சுட மாட்டேங்குது. மாத்திக் குடுங்க."

"எதைச் சுடப் போறீங்க மாப்பிள்ளை?"

"தோட்டத்துல பன்னி."

அவர் தோட்டத்தில் பன்றிக்கு என்ன வேலை? நாலு ரோஜாச் செடிதான் இருக்கிறது. போன மாதம் என் மகள் கன்னம் வீங்கி வந்து நின்றாள். கதவில் இடித்துக்கொண்டாளாம். நான் படிக்காதவன்தான், குருடன் இல்லை.

சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார்.

விசையை இழுத்தால் பின்னாலிருந்து வந்து அடிக்கிற குதிரையில் சின்னதாக ஒரு பின் இருக்கும். அது குத்தினால்தான் தோட்டா வெடிக்கும். இதில் முனை தேய்ந்து இடது பக்கம் சாய்ந்திருந்தது. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். புதுசு மாட்டவில்லை. இனி அது வெறும் இரும்பு. தூக்கிக் கொடுத்துவிடலாம்.

பழக்கதோஷம், சோதித்துப் பார்க்காமல் எதையும் கொடுக்க மாட்டேன். குண்டும் மருந்தும் இல்லாத தோட்டாக்கள் சில வைத்திருப்பேன். அடியில் பட்டென்று வெடிக்கிற கேப்பு மட்டும் இருக்கும். அதில் ஒன்றைப் போட்டு விசையை இழுத்தேன்.

பட்.

துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தேன்.

குதிரையைப் பார்த்தேன். பின் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. விரலால் தடவினேன். வெறும் ஓட்டை...

இன்னொரு தோட்டா போட்டேன்.

பட்.

கேப்பில் ஒரு குழி. இடது பக்கம் சாய்ந்த குழி.

சட்டைப் பை சுட்டது... பின் கொதித்துக்கொண்டிருந்தது.

"வேலை முடிஞ்சிருச்சு போல, மாமா."

வாசலில் மருமகன்.

"இன்னும் இல்ல மாப்பிள்ளை. ஒரு வாரம் ஆகும்."

"ரெண்டு தடவை சத்தம் கேட்டுச்சே. என்னையே ஏமாத்துறீங்களா?"

பின் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? நானே வெடித்துக் காட்டிவிட்டேனே. அவர் கையைப் பிடித்தேன். உதறிவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். மோட்டார் சைக்கிள் கிளம்பியது.

மகளுக்குப் போன் அடித்தேன்.

எடுக்கவில்லை.

மறுபடி.

எடுக்கவில்லை...

ஆட்டோ பிடித்துப் போனேன். மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு. உள்ளே அவர் கிடந்தார்.

"என்னைக் குறி வச்சு மூணு தடவை அமுக்கினார்ப்பா. டக்குனு சத்தம்தான். 'உங்கப்பன் வேலையப் பாரு'ன்னு திட்டிக்கிட்டே குழலுக்குள்ள எட்டிப் பார்த்தார்... அப்பதான் வெடிச்சுது. விசையில விரலே இல்லப்பா."

போலீஸ் ரிவால்வரைப் பிரித்தது. பின் இல்லை. வெடித்த தோட்டாவில் இடது பக்கம் சாய்ந்த குழி. பையிலிருந்த பின்னை எடுத்துக் கொடுத்தேன். முனையில் புதுக் கரி. எப்படி என்று என்னையே கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும்?

பிணத்தை எடுத்த பிறகு பக்கத்து வீட்டம்மா என் காதோரம் வந்து சொன்னாள்.

"உங்க மருமகனோட அம்மாவும் இதே துப்பாக்கியிலதான் போனாங்க. புருஷன் கையால. இதே ரூம்ல."

சம்பந்தம் பேசியபோது அந்தம்மா காய்ச்சலில் போனதாகத்தான் எங்களிடம் சொன்னார்கள்.